சாப்பாட்டுச் சத்தம்

சுகர் க்ரீக் ஏரி, அலபாமா
ஜூன் 16, 1986

நார்மா,

போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

இது உன் அக்காவைப் பற்றியது இல்லை. கொரீன் உன் வீட்டில் எத்தனை நாள் உட்கார விரும்புகிறாளோ உட்காரட்டும். இது டீக்கனைப் பற்றியது. கடையில் கல்லாவுக்குப் பின்னால் பெரிய தொட்டியில் அவள் வளர்க்கும் பாஸ் மீன். தூண்டில் இரைக்கு நாங்கள் விற்கும் பொடிமீன் லோடில் விரல்நுனி அளவில் வந்து, கூட வந்ததையெல்லாம் தின்றே முழங்கை நீளம் வளர்ந்தவன். வாயைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நிற்கிறான், நம் சர்ச் டீக்கன் மாதிரியே இருக்கிறான் என்று அவள்தான் பெயர் வைத்தாள்.

அவள் போனதும் தொட்டி எனக்கு அழுக்காகத் தெரிந்தது. கூழாங்கல், ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்ச், கண்ணாடி எல்லாவற்றையும் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பொடிமீன் தொட்டியை ஒவ்வொரு லோடுக்கும் அப்படித்தான் கழுவுகிறேன். இப்போது தண்ணீர் பால் மாதிரி இருக்கிறது. டீக்கன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறான். வெட்டுக்கிளியை நீட்டினால் திரும்பிக்கொள்கிறான்.

முப்பது வருஷமாக மீனை உயிரோடு வைத்துப் பிழைக்கிறவன் நான். எனக்கு யாரும் ஆனா ஆவன்னா சொல்லித்தர வேண்டாம். அந்தத் தொட்டியில் அவள் ஏதோ ஒன்று போடுகிறாள். அது என்னவென்று கேட்டு எழுது. ஒரு வரி போதும்.

ஹாலிஸ்


நாஷ்வில்
ஜூன் 21

திரு. ஹாலிஸ் பேட்டன் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. மாணவர் விடைத்தாளைப் போல முழுக்கப் படித்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு தவறு. இது என் அக்காவைப் பற்றியதுதான்.

அன்று நடந்ததை அக்கா என்னிடம் சொல்லவில்லை. உங்கள் நண்பர் லீமனின் மனைவி போனில் சொன்னாள். உங்கள் மீன்பிடி கிளப்பின் ஆண்டுப் போட்டி. தண்ணீரின் மேல் மிதந்து சத்தம் போட்டு பாஸ் மீனை வரவழைக்கும் பொய்யிரைகளை ஆளுக்கொன்றாக மரத்தில் செதுக்கி எடுத்து வருகிறீர்கள். எல்லாவற்றையும் லீமன் ஒருவரே வீசி இழுக்கிறார். படகுத்துறையில் சமையலறை நாற்காலி போட்டு, ஏரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, காதால் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அக்கா. எது யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. இருபது வருடமாக அந்த ஊரில் ஒரு பெண் சொல்லை ஆண்கள் எதிர்ப்பேச்சில்லாமல் கேட்டது அந்த ஒரு நாற்காலியில்தான்.

இந்த வருடம் அவள், "ஏழாம் நம்பர் கத்துது. அதுதான் கடைசி" என்றாளாம். ஏழாம் எண் உங்களுடையது. நீங்கள் நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று, "அவ இடது காது செத்து ரெண்டு வருஷம் ஆச்சுய்யா! எதை வச்சுத் தீர்ப்பு சொல்றா?" என்று கூவினீர்கள்.

ஒரு மரக்கட்டை கடைசி இடத்துக்கு வந்ததற்காக மனைவியைச் செவிடி என்று பொய் சொன்ன மனிதரிடமிருந்து எனக்கு மீன் நலம் விசாரிக்கும் கடிதம் வந்திருக்கிறது. மீன் ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியாதா? உங்கள் கேள்வியை நான் அவளிடம் கேட்கப் போவதில்லை.

பதில் நானே சொல்கிறேன். அவள் எதையும் போடுவதில்லை. நீங்கள்தான் எடுத்துவிட்டீர்கள்.

நார்மா


சுகர் க்ரீக்
ஜூன் 26

புரொபசரம்மா,

பொய்யா? அவளுக்கு இடப்பக்கம் நின்று எதையாவது மெதுவாகக் கேட்டுப் பார். அப்புறம் என்னைப் பொய்யன் என்று எழுது.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் காது டாக்டரிடம் கூட்டிப் போனவன் நான்தான். நரம்பு போய்விட்டது, திரும்ப வராது, வலது காதும் கொஞ்சம் மங்கல் என்றார். திரும்பி வரும்போது வண்டியில் உட்கார்ந்து, "யார்கிட்டயும் மூச்சு விடாத. என் தங்கச்சிகிட்டகூட" என்றாள். விடவில்லை. கடைக்கு வருகிறவன் அவள் இடப்பக்கம் நின்று பேசினால், நான் குறுக்கே புகுந்து அதே கேள்வியைத் திரும்பச் சத்தமாகக் கேட்பேன். ஊரே என்னைத் தொணதொணப்பன் என்கிறது. இரண்டு வருஷம் அப்படி மூடி வைத்தேன், நார்மா. நீ கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்துபோகிறவள். உனக்கென்ன தெரியும்?

வாயை விட்டது தப்புத்தான். அது தப்பு என்று சொல்ல நீ தேவையில்லை.

டீக்கன் விஷயம். நீ சொல்லமாட்டேன் என்றால் ஊரில் சொல்ல ஆள் இல்லையா? டவுனில் இருக்கிற செல்லப்பிராணிக் கடைப் பையன் மூன்று பாட்டில் மருந்து விற்றான். ஒன்று நீலம், ஒன்று பச்சை, மூன்றாவதில் வெறும் தண்ணீர்தான் இருக்க வேண்டும். பாதிரியார் உப்புப் போடு என்றார். தபால்காரரின் மைத்துனன் தண்ணீரை முழுக்க மாற்று என்றான், அவன் பெண்டாட்டி மாற்றவே மாற்றாதே என்றாள். லீமன் வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சோளமாவுல பொரட்டிப் போட்டா எல்லாப் பிரச்சினையும் தீந்துடும்" என்றான். அவனைக் கடையை விட்டுத் துரத்தினேன். மற்றவர்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். இன்று டீக்கன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறான்.

நான் எதை எடுத்துவிட்டேன்? அதையாவது சொல்லித் தொலை.

ஹாலிஸ்


நாஷ்வில்
ஜூலை 3

ஹாலிஸ்,

கேட்டுப் பார்த்தேன். அவள் காலைச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் நின்று, "அக்கா, இன்னும் காப்பி வேணுமா?" என்றேன். பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி கேட்டேன். மறுபடி திருப்பினாள்.

நான் விலங்கியல் கற்பிக்கிறவள். கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதே என்று இருபத்தைந்து வருடமாக வகுப்பில் சொல்லி வருகிறேன். கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததையே நான் பார்க்கவில்லை. இங்கே போன் அடித்தால் எழுந்து வரமாட்டாள். வீம்பு என்று நினைத்தேன். மேசையில் என்னை எப்போதும் ஒரே நாற்காலியில் உட்காரச் சொல்வாள். அதிகாரம் என்று நினைத்தேன். நாங்கள் எங்கே போனாலும் காரை நான்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடிப்பாள், என் காரைக்கூட. அதற்காக அவளோடு சண்டையே போட்டிருக்கிறேன். ஓட்டுகிறவள் இடப்பக்கம் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிற நான் அவள் வலது காதுக்கு வருவேன் என்பது இந்த மரமண்டைக்கு நேற்றுத்தான் உறைத்தது.

என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவள் மேல் எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காப்பியை நானே குடித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

இதனால் நீங்கள் தப்பித்தீர்கள் என்று எண்ண வேண்டாம். பொய்யாக இருந்திருந்தால் மறுத்துவிட்டுப் போயிருப்பாள். நீங்கள் சொன்னது உண்மை. அவள் உங்களை நம்பிக் கொடுத்து வைத்திருந்த உண்மை. தங்கைக்குக்கூடத் தராமல் உங்களிடம் மட்டும் கொடுத்தது. அதை எடுத்து அவள் மேலேயே எறிந்தீர்கள்.

மீனுக்கு வருகிறேன், அது எந்தப் பாவமும் செய்யவில்லை. உங்கள் கடையில் எந்தப் பொடிமீனும் சனிக்கிழமையைத் தாண்டி இருப்பதில்லை. சாவதற்குள் விற்றுவிடுகிறீர்கள். அதற்குப் பெயர் மீன் வளர்ப்பு இல்லை. தொட்டியில் நிரந்தரமாக இருக்கிற மீனின் கழிவு விஷமாகும். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் கூழாங்கல்லிலும் ஸ்பாஞ்சிலும் குடியிருக்கும். பழுப்பாகக் கொழகொழவென்று இருந்ததே, நீங்கள் அழுக்கு என்று ப்ளீச்சிங் போட்டுக் கொன்றது அதைத்தான். அக்கா பல வருடமாக வளர்த்தது மீனை மட்டுமில்லை.

பாட்டில்களை எல்லாம் தூக்கிப் போடுங்கள். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், உங்கள் கிணற்றுத் தண்ணீர் போதும். இரை போடாதீர்கள். நல்ல பழைய மீன்தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது போய் அவர்களுடைய அழுக்கு ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. காது மங்கியவளுக்கு ஒரு சத்தம் கேட்காமல் போகலாம். 'கத்துது' என்று எப்படிச் சொன்னாள்?

நார்மா


சுகர் க்ரீக்
ஜூலை 12

நார்மா,

ஸ்பாஞ்ச் கிடைத்தது. மூன்று ஊர் தள்ளி ஒரு பல் டாக்டர் வீட்டில். "உங்க அழுக்கைக் கொஞ்சம் குடுங்க" என்று வாசலில் நின்று கேட்டேன். அவர் பெண்டாட்டி கதவுச் சங்கிலியை எடுக்காமலேயே என்னைப் பார்த்தாள். எப்படியோ கொடுத்தார்கள். தண்ணீர் கொஞ்சம் தெளிகிறது. டீக்கன் நேராக நிற்கிறான். இன்னும் எதையும் தொடவில்லை.

எப்படிக் 'கத்துது' என்றாள் என்று கேட்டாயே. அது கத்தத்தான் செய்தது. கத்தட்டும் என்றுதான் செய்தேன்.

பொய்யிரையின் வாயைக் குழிவாகச் செதுக்குவோம். இழுக்கும்போது அது தண்ணீரை அறையும். குழி சின்னதாக இருந்தால் 'ப்ளுக்' என்று மெல்லச் சத்தம் வரும், சூரியமீன் என்கிற சின்ன ஏரிமீன் பூச்சியை உறிஞ்சுகிற மாதிரி. போன வருஷம் லீமன் வீசும்போது நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கழுத்தை இப்படி அப்படித் திருப்பி, வலது காதைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகப் பார்க்கிறாள். முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறவள் எவ்வளவுதான் திருப்ப முடியும்? கடைசியில் குத்துமதிப்பாகச் சொன்னாள். யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தன் அழுகை குழாய்ச் சத்தத்தை மீறி வெளியே வருவது அவளுக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது.

அதனால் போன குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஏழாம் நம்பரைச் செய்தேன். வாயை இரண்டு மடங்கு அகலமாகக் குடைந்தேன். 'டொப்' என்று விழும், கரையில் தூங்குகிற நாய் எழுந்துகொள்ளும். ஒன்றாவது அவளுக்குச் சுத்தமாகக் கேட்கட்டும். ஒன்றையாவது சந்தேகமில்லாமல் சொல்லட்டும். இதுதான் நான் செய்த குற்றம். அதற்கு அவள் கொடுத்த பரிசு கடைசி இடம்.

அங்கே நின்றபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல், படித்தவள்தானே.

ஹாலிஸ்


நாஷ்வில்
ஜூலை 20

ஹாலிஸ்,

உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். உங்கள் அனுமதி கேட்கவில்லை. இதுவரை நடந்த எதிலும் யாரும் யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை.

இரண்டு தரம் படித்தாள். பிறகு ஒரு மாதமாகப் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசினாள். எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். வார்த்தைகள் அவளுடையவை.

"முதல் இழுப்புலயே தெரிஞ்சுது நார்மா, அது அவனுதுன்னு. எதுக்கு அந்தச் சத்தம்னும் தெரிஞ்சுது. மத்தவங்க எல்லாரும் மீனுக்குச் செஞ்சாங்க. இவன் எனக்குச் செஞ்சிருக்கான். உனக்குக் காது போச்சு, உனக்குக் காது போச்சுன்னு மரத்துல செதுக்கிக் கொண்டுவந்து என் முதுகுக்குப் பின்னால அடிச்சுக் காட்டறான். நான் என்ன தீர்ப்பு சொல்லணும்? மீன் சாப்பாட்டுச் சத்தத்துக்கு வரும். கதவைத் தட்டற சத்தத்துக்கு ஓடும். அது கதவைத் தட்டுச்சு. கடைசின்னு சொன்னேன். இருபது வருஷத்துல அன்னிக்குத்தான் ரொம்பச் சரியாச் சொன்னேன். அன்னிக்குத்தான் என்னைச் செவிடிங்கறான்."

அழுததை நீங்கள் கேட்டீர்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரியும். அந்த வரி வந்தபோது கடிதத்தை மடித்து மடியில் வைத்தாள், பிறகு விரித்து மீதியைப் படித்தாள்.

அவள் கேட்பது மன்னிப்பு இல்லை. "மன்னிப்பு கேக்கறது அவனுக்கு ஈஸி. பூங்கொத்து வாங்கிட்டு வந்து நிப்பான்." நீங்கள் கிளப் கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால் எழுந்து, ஏழாம் எண் மோசமான பொய்யிரை, அவள் தீர்ப்புச் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் அவள் அந்த ஊருக்குத் திரும்ப மாட்டாள். எதற்கு இந்த நாடகம் என்று நான்கூடக் கேட்டேன். "நாப்பது பேர் முன்னாடி எடுத்தான். நாப்பது பேர் முன்னாடி வைக்கட்டும்" என்றாள்.

என் கருத்தை யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஒருவர் இன்னொருவருக்காக ஒன்றைச் செய்வதற்கு முன் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இருவரையும்தான் சொல்கிறேன். உங்கள் இருவர் மேலும் எனக்கு இருக்கிற எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

நார்மா


சுகர் க்ரீக்
ஜூலை 27

முடியாது.

முட்டாள் என்று சொல்லச் சொல், சொல்கிறேன். வாய்க்கொழுப்பு பிடித்தவன் என்று சொல்லச் சொல், லீமன் அதை ஏற்கெனவே சொல்லிவிட்டான். என் கையால் செய்ததை மோசம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். நான் செய்ததிலேயே அதுதான் ஒழுங்கான வேலை. கண்ணுக்குப் பாசிமணி, வயிற்றுக்கு ஐந்து தடவை சாயம். அதை மோசம் என்றால் அந்தக் குளிர்காலத்தையே மோசம் என்கிற மாதிரி.

டீக்கன் நேற்று ஒரு வெட்டுக்கிளியை எடுத்தான். துப்பிவிட்டான்.

ஹாலிஸ்


சுகர் க்ரீக்
ஆகஸ்ட் 18

நார்மா,

நீ பதில் எழுதவில்லை. நானும் உன் இடத்தில் எழுதியிருக்க மாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன், கொரீனிடம் காட்டு. போன வாரம் விடிந்ததும் படகை எடுத்துக்கொண்டு அல்லிக் காட்டுப் பக்கம் போனேன். கையில் ஏழாம் நம்பர். இன்னொன்று, அவளுக்கு முன்பு ரொம்பப் பிடித்த, சின்ன வாய் வைத்த பழைய பொய்யிரை. யாரும் இல்லை. யாருக்கும் நிரூபிக்கப் போகவில்லை, அவள் சொன்னது பொய் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான் போனேன்.

ஏழாம் நம்பரை வீசினேன். 'டொப்.' கரையில் நின்ற கொக்கு பறந்தது. அல்லி இலைக்குக் கீழே பொடிமீன்கள் மினுங்கிக்கொண்டிருந்தன, அந்த மினுங்கலும் நின்றது. 'டொப்.' ஏரியே வாயை மூடிக்கொண்டது. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரிதான் இருந்தது. அவள் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அப்படிக் கேட்டிருக்காதோ என்னவோ. சொல்லிவிட்டாளே. வெயில் ஏறும்வரை வீசினேன். ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. பழையதை எடுத்தேன். 'ப்ளுக்.' இரண்டாவது வீச்சிலேயே தண்ணீர் வெடித்தது, நல்ல கனமான பாஸ். கொக்கியைக் கழற்றி விட்டேன். படகிலேயே உட்கார்ந்து நான்கு ஊருக்குக் கேட்கிற மாதிரி கெட்ட வார்த்தை சொன்னேன். யாரைத் திட்டினேன் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் கிளப் விருந்து. கெளுத்தி வறுவல் தீர்ந்து பீச் பழ இனிப்பு வருகிற நேரம் எழுந்து நின்றேன். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். இன்னொரு கூத்து பார்க்கலாம் என்று நினைத்திருப்பார்கள்.

"ஏழாம் நம்பர் என்னுது. அது மோசமான சரக்கு. ஏரியில போட்டுப் பாத்தேன், மீன் கிட்டக்கூட வரல. கொரீன் சொன்னது சரி. கடைசிதான் அதுக்கு இடம்" என்றேன்.

லீமன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அவளுக்குக் காது நல்லாத்தான் கேக்குதா? அன்னிக்கு நீ என்னமோ சொன்னியே" என்றான்.

என் வாய் திறந்துவிட்டது, நார்மா. ஆமாம் நல்லாக் கேட்கிறது, நான்தான் புளுகினேன் என்று சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அப்படிச் சொன்னால் மறுபடியும் அவள் காதை நான்தான் எடுத்து மேசையில் வைக்கிறேன்.

"அது அவ விஷயம். அவகிட்டயே கேளு. நான் என் கட்டையைப் பத்தி மட்டும்தான் பேச வந்தேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். லீமன் பெண்டாட்டி என் தட்டில் கேட்காமலேயே இனிப்பை வைத்தாள்.

ஏழாம் நம்பரை எரிக்கவில்லை. அதுவும் எழுதிவிடுகிறேன், பின்னால் தெரிந்தால் அதற்கொரு சண்டை வரும். கொக்கிகளைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

டீக்கன் சாப்பிடுகிறான். ஸ்பாஞ்ச் மறுபடி பழுப்பாகிவிட்டது. கை பரபரக்கிறது. கழுவலாமா, கூடாதா?

ஹாலிஸ்


நாஷ்வில்
ஆகஸ்ட் 24

ஹாலிஸ்,

அவளே படித்தாள். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள், வலப்பக்கம். எந்தப் பக்கம் என்று இப்போதெல்லாம் அவளே சொல்லிவிடுகிறாள்.

லீமனுக்கு நீங்கள் சொன்ன பதில் வந்த இடத்தில் நிறுத்தினாள். "இதை அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல, கடங்காரன்" என்றாள். கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இன்று காலைகூட உங்கள் பெயரைச் சொல்லி ஒரு பாத்திரத்தை வேகமாக வைத்தாள்.

அடுத்த ஜூனில் அந்த நாற்காலியில் உட்காருவாளா என்று கேட்டேன். உட்காருவாளாம், தண்ணீரைப் பார்த்தபடி. சத்தத்தை அலையில் பார்க்க முடியும் என்கிறாள். எனக்கு நம்பிக்கையில்லை, அதையும் சொல்லிவிட்டேன். கிளப் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்பது அவளுக்கும் அவர்களுக்கும் உள்ள பிரச்சினை. நீங்கள் குறுக்கே புகுந்து திரும்பச் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லையாம்.

ஸ்பாஞ்ச் பற்றி அவள் சொன்னது: "குழாய்ல காட்டாத. தொட்டித் தண்ணியையே ஒரு வாளியில எடுத்து, அதுல ரெண்டு பிழி பிழிஞ்சு, அப்படியே திரும்ப வை. பழுப்பு இருக்கட்டும். மிச்சத்தை வெள்ளிக்கிழமை நான் வந்து பாத்துக்கறேன்." தொட்டியைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று அழுத்திச் சொல்லச் சொன்னாள். தங்குவாளா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

நானும் வருகிறேன். என் காரில்தான். சாவியை நேற்றே அவளிடம் கொடுத்துவிட்டேன்.

நார்மா